முத்துக்குளித்துறைக் கோயில்கள்

தமிழகத்தின் தென்கோடியில் கன்னியாகுமரி தொடங்கி வடகிழக்காக நீண்டு செல்லும் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். பாண்டியர்க்குரிய கொற்கை முத்தின் பெருமையைச் சங்கச் சான்றோரும் அறிந்திருந்தனர். கடல் கடந்து வந்த யவனரும் அறிந்திருந்தனர். காலப்போக்கில் கடல் பின்வாங்கக் கொற்கை உள்நாட்டூர் ஆயிற்று. அதன் சிறப்பு முதலில் காயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் சென்றது. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழும் இக்கரையின் பேரூர்களாக எண்ணப்பெற்றன. இவ்வூர்களை நாடிச் செல்வோரின் கண்ணுக்கு முதலில் புலப்படுவது, பனைமரக் கூட்டத்திற்கும் மணல்மேட்டிற்கும் மேலாக எழுந்து நிற்கும் வெண்ணிறக் கோயிற்கோபுரமே ஆகும்.

ஒரு கோயிலையும் அதன் குருவையும் சார்ந்து வாழும் மக்கட்குழுவைக் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்று கூறுவர். முத்துக்குளித்துறையில் இன்று நிற்கும் கோயிற்சுவர்களுட் பல, இருநூறு முந்நூறு ஆண்டுகட்கு உட்பட்டவை. பங்குகளோ அச்சுவர்களினும் பழமையானவை. ஓலைக்கூரை தீக்கிரையானபோதும், கோயில் பிறர் கைக்குச் சென்றபோதும், குருமார் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோதும் அவை அழியவில்லை. கட்டடம் இன்றியும் ஒரு பங்கு எவ்வாறு நிலைத்தது என்பதே இக்கரையின் வரலாற்றில் நாம் சிறப்பாக அறியத்தக்க செய்தி.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்துச் சலாபத்தின் உரிமை பற்றிப் பரதவர்க்கும் கரையில் வாணிகம் செய்த முஸ்லிம்களுக்கும் இடையே பகைமை மூண்டது. உள்நாட்டுச் சிற்றரசர்களும் ஒருவரோடொருவர் போரிட்டுக்கொண்டிருந்தனர். கடலிலே வலிமை பெற்றிருந்தோர் போர்த்துக்கேசியர். குதிரை வணிகம் செய்துவந்த ஜோன் தெ குருசு என்பவரின் அறிவுரையைக் கேட்டுப் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குத் தூது சென்று, போர்த்துக்கேசியரின் பாதுகாப்பை வேண்டினர். 1536, 1537ஆம் ஆண்டுகளில் கொச்சியிலிருந்து வந்த குருமார் ஊர் ஊராகச் சென்று ஏறத்தாழ 20,000 மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தனர். சமய ஆர்வம் ஒன்றினாலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது என்று சொல்லுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. உயிருக்கும் தொழிலுக்கும் காவல் தேடியே அம்மக்கள் அந்நாளில் அவ்வழியை மேற்கொண்டனர்.

திருமுழுக்கு அளித்த குருமார் திரும்பிச் சென்றனர். புதிய சமயத்தைக் கற்பிப்பார் எவரும் இலர். சேசு சபையைச் சார்ந்த பிரான்சிசு சவேரியார் 1542ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் இக்கரைக்கு வந்தபொழுது, மக்கள் தம்மைக் கிறித்தவர் என்று மட்டுமே சொல்ல அறிந்திருந்தனர். அதற்கு மேல் ஒன்றும் அறியார். சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துக்கேசிய மொழி தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைத் தேடிப்பிடித்து, பல நாள் அவர்களோடு அமர்ந்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார் அவர். பின்னர்க் கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைக் கூட்டினார். சிறுவர்கள் கற்றனர், வீட்டிற்குச் சென்று பெற்றோருக்குக் கற்பித்தனர். தாம் செல்ல இயலாத நோயாளிகளின் இல்லங்களுக்கு அச்சிறுவர்களையே அவர் அனுப்பினார்.

அம்முதல் மொழிபெயர்ப்பிலே பிழைகளும் இருந்தன. ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்ற சொற்கள் அமைந்திருந்தன. ஒரு சமயத்தின் அடிப்படை அறிக்கையே இவ்வாறு பொருள் மாறி நின்றது. 1544ஆம் ஆண்டில் சவேரியார் தம் துணைவர் மான்சிலாசு என்பவருக்குக் கடிதம் எழுதி அதனைத் திருத்தச் சொன்னார். பிழையை மறைக்காமல் திருத்திய அச்சிறு கடிதம், கூரையில்லாத அக்காலக் கோயில்களைப் பற்றி அறிவதற்குரிய சிறந்த சான்றுகளுள் ஒன்றாக விளங்குகின்றது.

சவேரியார் எவ்வூரிலும் நெடுங்காலம் தங்கியவர் அல்லர். ஆகவே, தாம் இல்லாதபோதும் பணி நடைபெற ஒரு வழியை ஏற்படுத்தினார். ஒவ்வோர் ஊரிலும் ‘கணக்கப்பிள்ளை’ ஒருவரை அமர்த்தினார். சனிக்கிழமையில் பெண்களையும், ஞாயிற்றுக்கிழமையில் ஆண்களையும், நாள்தோறும் சிறுவர்களையும் கூட்டிச் செபங்களைச் சொல்லிக்கொடுப்பது அவர் கடமை. பிறந்த குழந்தைக்கு உயிர்க்கு இடர் நேருமாயின், குருவை எதிர்பாராமல் தாமே திருமுழுக்கு அளிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. இக்கணக்கப்பிள்ளைகளுக்கு ஊதியம் கொடுப்பதற்குப் பணம் வேண்டுமே! பரதவர் ஆண்டுதோறும் போர்த்துக்கல் நாட்டு அரசியாரின் காலணிச் செலவுக்கென்று ஒரு தொகை செலுத்தி வந்தனர். அதிலிருந்து 4,000 பணத்தை ஆசிரியர்களுக்கு வழங்குமாறு சவேரியார் அரசியாரை வேண்டிப் பெற்றார். அரசியின் பாதரட்சைப் பணம் கடற்கரைச் சிறுவர்களின் கல்விப் பணம் ஆயிற்று.

1544ஆம் ஆண்டிலே வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கடலுக்குள் நிற்கும் பாறைகளின்மேல் ஏறி ஒளிந்தனர். உணவும் இல்லை, நன்னீரும் இல்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உதவிப் பொருளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று பல நாள் விடாது வீசியமையால் தோணிகள் சென்று சேர முடியவில்லை. பின்னர் அவர் நிலவழியே நடந்து சென்றார். கட்டப்பெற்ற ஓலைக் கோயில்கள் இத்தகைய படையெடுப்புகளில் மீண்டும் மீண்டும் அழிந்தன. மீண்டும் மீண்டும் வேயப்பெற்றன. பனையோலையும் மூங்கிலும் மண்ணுமே அவற்றின் உறுப்புகள். அவற்றுள் ஒன்றும் இன்று இல்லை.

சவேரியார் விதைத்ததை நீர் பாய்ச்சி வளர்த்தவர் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டில் 1520ஆம் ஆண்டில் பிறந்த இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முத்துக்குளித்துறையிலேயே கழித்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பியிருத்தல் தகாது எனக் கண்டு, தாமே தமிழை முறையாகக் கற்றுப் போர்த்துக்கேசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். புன்னைக்காயலில் மக்களின் பொருளுதவியால் மருத்துவமனை ஒன்றை அமைத்தார். இவர் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூல் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் இதுவே. அடுத்த ஆண்டில் ‘கிறிசித்தியானி வணக்கம்’ கொச்சியிலும், 1586இல் அடியார்களின் வரலாறு கூறும் பெருநூல் ஒன்றும் அச்சேறின. அச்சுப் பணிக்குப் பொருள் தந்தவர்கள் முத்துக்குளிக்கும் பரதவர்களே. கடலடியில் மூச்சடக்கிப் பெற்ற செல்வம் தமிழ் எழுத்துக்கு முதன்முதலில் ஈய வடிவம் தந்தது என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ‘தம்பிரான் வணக்க’த்தின் படி ஒன்று இப்பொழுது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அடிகளார் 1600ஆம் ஆண்டில் காலமாயினார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றது.

ஓலைக் கோயில்கள் இருந்த இடத்தில் கல்லும் சுண்ணமும் கொண்ட கோயில்கள் எழத்தொடங்கியதும் அண்டிரிக் அடிகளார் காலத்திலேதான். மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில் 1581ஆம் ஆண்டளவில் அமைந்தது. புயலிலிருந்து தப்பிய போர்த்துக்கேசிய மாலுமி ஒருவன், முறிந்த பாய்மரத்தால் சிலுவை செய்து அக்குன்றில் நட்டான் என்றும், அதுவே கோயில் தோன்றக் காரணம் என்றும் அவ்வூரார் கூறுவர். குன்றின் கடற்பக்கத்துச் சரிவில் ஒரு குகை உள்ளது. சவேரியார் அதில் தங்கியிருந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் நிகழும் திருவிழாவிற்கு உள்நாட்டிலிருந்தும் மக்கள் திரளாக வருகின்றனர். கொடியேற்றம், சப்பரம், தேர், நேர்ச்சை முதலிய சொற்கள் யாவும் இங்கு வழங்குதலைக் கேட்போர், தமிழ்நாட்டுத் திருவிழா எச்சமயத்ததாயினும் ஒரே சாயலுடையது என்பதை உணர்வர்.

தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் 1582ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. அங்குள்ள மாதா திருவுருவம் பிலிப்பைன் தீவிலுள்ள மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பர். மீனவரும் முத்துக்குளிப்போரும் கடலிற் செல்லுமுன் வணங்கிச் செல்லும் கோயிலாக அது விளங்கிற்று. முத்துக்குளித்துறை முழுவதற்கும் அதுவே தலைமைக் கோயில் என்னும் சிறப்பையும் நாளடைவில் பெற்றது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கடலாட்சி கைமாறியது. 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்கள். கத்தோலிக்கருக்கும் போர்த்துக்கேசியருக்கும் பகைவர். குருமார் துறைமுக ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் பூட்டப்பட்டன, சில பண்டகசாலைகள் ஆயின. நூற்றிருபது ஆண்டுகட்கு முன்னர்க் காவல் வேண்டி இச்சமயத்தைத் தழுவிய மக்களுக்கு இப்பொழுது அக்காவலர் இல்லை. புதிய ஆட்சியாளரின் சமயத்தை மேற்கொண்டால் நன்மையே விளையும். காரணம் காவல் மட்டுமே ஆயின், மக்கள் இப்பொழுது மாறியிருத்தல் வேண்டும். அவர்கள் மாறவில்லை.

டச்சுப் படையோடு வந்த பிலிப்பு பால்டேயசு என்னும் போதகர், பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார். அவர்கள் செபமாலையையும் திருவுருவங்களையும் விடாது பற்றியிருந்தனர் என்பது 1672இல் வெளிவந்த அவர் நூலால் விளங்குகின்றது. பின்னர் இப்பக்கத்தில் பணியாற்றிய சேசு சபைக் குரு ஒருவரின் கடிதத்தில் சுவையான செய்தி ஒன்று காணப்படுகின்றது. டச்சுப் போதகர் தம் சமயத்தின் மேன்மையை எடுத்துரைத்தபோது, ஊர்த்தலைவர் ஒருவர் எழுந்து, சவேரியார் இக்கரையில் இறந்தோர் சிலரை எழுப்பினார் என்று தம் முன்னோர் சொல்லக் கேட்டதாகவும், போதகர் அதைப்போல் பன்மடங்கு செய்து காட்டினால் அவர் சொல்லைக் கேட்பதாகவும் விடை கூறினாராம். கதையின் உண்மை எவ்வாறாயினும், ஆட்சியாளர் முன்னிலையில் அம்மக்கள் நாவடங்கி நிற்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

டச்சுக்காரரின் அதிகாரம் துறைமுகங்களோடு நின்றது. உள்நாடு மதுரை நாயக்கருக்கு உரியது. குருமார் அவ்வுள்நாட்டு ஊர்களிலே தங்கினர். திருப்பலி காணவும் திருமணம் செய்துகொள்ளவும் கடற்கரை மக்கள் அவர்களை நாடி மணல்வழியே நடந்து சென்றனர். மற்ற நாட்களில் வீடுகளிலும் வெளிகளிலும் கூடிச் செபம் சொன்னார்கள். அதனைச் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளை இருந்தார். வழக்குகளைத் தீர்க்கப் பட்டங்கட்டியும் சாதித்தலைவரும் இருந்தனர். தாலாட்டோடு செபத்தையும் கற்பிக்கத் தாய்மார் இருந்தனர். செபமோ தமிழில் இருந்தது. பூட்டுவதற்கு டச்சுக்காரரிடம் கோயிற்கதவு மட்டுமே இருந்தது.

டச்சுக் கும்பினியாரும் வணிகர்களே அல்லவா? முத்தும் சங்கும் எடுக்க வல்லவர் பரதவர். அவர்களை வருத்தினால் வருவாய் குன்றும். இதனை உணர்ந்த பின் கட்டுப்பாடுகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. டச்சுக்கொடி தூத்துக்குடியில் பறந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1713ஆம் ஆண்டில், விஜிலியுசு மான்சி என்னும் சேசு சபைக் குருவின் முயற்சியால் பனிமய மாதாவுக்குப் புதிய கோயில் கட்டப்பெற்றது. இன்று நாம் காணும் கோயிலின் அடிப்படை அதுவே. டச்சுக்காரர் தமக்கென ஒரு கோயிலை 1750ஆம் ஆண்டில் அதே நகரில் கட்டினர். அதுவும் இன்றுவரை நிற்கின்றது.

1806ஆம் ஆண்டில் சாதித்தலைவர் தோன் கபிரியேல் தெ குருசு என்பார் பனிமய மாதாவிற்குப் பொன்தேர் ஒன்றைச் செய்தளித்தார். அத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதன்று. சிறப்பான ஆண்டுகளில் மட்டுமே வீதியில் வலம் வரும். 1961ஆம் ஆண்டிற்குப் பின் இக்கரையில் முத்துச் சலாபம் நிகழவில்லை. முத்தெடுத்த தொழில் மறைந்தது. அத்தொழிலின் செல்வத்தை நினைவூட்டும் தேர் மறையவில்லை. கோயில் 400 ஆண்டு நிறைவு கண்ட 1982ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதனைப் பேராலயமாக உயர்த்தினார்.

இதனிடையே பங்குகள் வேறொரு சோதனைக்கும் உட்பட்டன. 1773ஆம் ஆண்டில் திருத்தந்தையின் ஆணையால் சேசு சபை கலைக்கப்பெற்றது. கோவாவிலிருந்து வந்த குருமார், எண்ணிக்கையிற் குறைந்தவராயினும், பங்குகளைக் காத்து வந்தனர். மீண்டும் நிறுவப்பெற்ற சேசு சபையின் பிரெஞ்சுக் குருமார் 1838ஆம் ஆண்டளவில் இங்கு வந்தபோது, கோயில்கள் யாருக்கு உரியவை என்னும் வழக்குத் தோன்றிற்று. போர்த்துக்கல் அரசரின் பழைய உரிமை ஒருபுறம். உரோமையின் புதிய ஆணை ஒருபுறம். ஒரே ஊரில் இரு கட்சிகள், இரு குருமார், சிற்சில ஊர்களில் இரு கோயில்கள் என மக்கள் பிரிந்து நின்றனர். புறப்பகையைத் தாங்கிய ஊர்கள் உட்பகையால் அரை நூற்றாண்டுக்கு மேல் துன்புற்றன. 1923ஆம் ஆண்டில் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகிப் பரதவர் குலத்தில் பிறந்த திபூர்சியுசு ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயராக அமர்ந்தார்.

கடற்கரையை விட்டுச் சற்று உள்ளே சென்றால் வரலாற்றின் மற்றொரு பக்கம் தெரியும். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்னெல்லையில் உள்ள வடக்கன்குளம், பழைய மதுரை மறைப்பணித்தளத்தைச் சார்ந்த ஊர். திருவிதாங்கூர் அரசப் பணியாளராயிருந்த நீலகண்ட பிள்ளை, 1741இல் குளச்சற் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறித்தவத்தை அறிந்து, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இவ்வூர்க் கோயிலிலே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சவேரியாரின் பெயர் தாங்கிய கோட்டாற்றுக் கோயிலில் அவர் உடல் அடக்கம் பெற்றது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார்.

அதே வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டில் எழுந்த பெருங்கோயில் விந்தையான அமைப்புடையது. பொதுவாகக் கோயிலுக்கு நடுமண்டபம் ஒன்றே இருக்கும். இங்கோ இரண்டு நீண்ட மண்டபங்கள் கோணமாக விரிந்து சென்று, பீடத்தருகில் ஒன்றுகூடுகின்றன. ஒரு மண்டபத்தில் வேளாளரும் மற்றொன்றில் நாடாரும் அமர்வர். இடையிலே சுவர். பீடத்தில் நின்ற குருவுக்கு இரு சாராரும் தெரிவர். ஒரு சாரார்க்கு மற்றொரு சாரார் தெரியார். கடவுளின் முன்னிலையில் அனைவரும் சமம் என்று ஓதிய குருமார், உயர்வு தாழ்வு பாராட்டும் வழக்கத்திற்கு இடம் கொடுத்துக் கல்லும் சுண்ணமும் கொண்டு அதனை நிலைப்படுத்தினர். பூசலைத் தவிர்க்கவே அவ்வாறு செய்தனர் எனினும், பூசல் தவிரவில்லை. பீடத்தின் அருகில் யார் நிற்பது, ஊர்வலத்தில் யார் முன் செல்வது என்று சண்டைகள் தொடர்ந்தன.

பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் ஆயரின் இசைவோடு 1910ஆம் ஆண்டில் அச்சுவரை இடிக்கச் செய்தார். எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. தனியிடம் தமக்கு வழிவழி வந்த உரிமை எனக் கூறி ஒரு சாரார் நீதிமன்றம் சென்றனர். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை நடந்தது. கோயிலினுள் சாதி பற்றிய தனியிட உரிமையை மன்றம் ஏற்றுக்கொள்ளவில்லை. கோயிலின் இரு மண்டபங்களும் முன்போலவே கோணமாக விரிந்து இன்றும் நிற்கின்றன. இடையில் சுவர் இல்லை.